அப்பாவின் மழை நோட்டும் எக்செல் தேதிகளும்

வரைபடம் திரையில் வந்ததும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். முப்பது வருட மழை, மாதம் ஒரு நீலக் கம்பமாக நின்றது. "மாசியில இம்புட்டு மழையா?" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "மாசியில இப்படிப் பெய்ஞ்சிருந்தா உப்பளத்துக்காரன் என்னல ஆவான்? இது நம்ம நோட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோர உப்பளம் ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதியவர். காயல்பட்டினத்திலிருந்து எங்கள் ஊர் சில கிலோமீட்டர்தான். எங்கள் பக்கம் தை முடிவில் பாத்தி வேலை தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் உப்பு வாருவார்கள். நடுவில் ஒரு பெரிய மழை விழுந்தால் விளைந்தது கரைந்து, பாத்தியை மறுபடி முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். அதனால் மாசி, பங்குனியில் மழை பெய்த நாள் எதுவும் அவருக்கு மறக்காது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து ஊரையே புரட்டிப் போட்ட பிறகு, தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். முதலில் உப்பளத்து மழைமானி, ஓய்வுக்குப் பிறகு வீட்டு மாடியில் ஒன்று. இன்று வரை விடவில்லை.

நோட்டுகளின் ஓரம் பொடியத் தொடங்கியிருந்தது. அதனால் தங்கை மகள் இரண்டு கோடை விடுமுறைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் ஏற்றிக் கொடுத்தாள். 1993 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை. தட்டச்சுப் பிழைகள் மிகக் குறைவு. அவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தாள். கெட்டது தேதி நெடுவரிசை மட்டும்தான். அதைச் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒரு மாதத்து இரவுகள் ஆயின. அதே மாதிரி பழைய பதிவேடு எதையாவது அட்டவணையாக மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

10, 11, 12

வரைபடத்தை மாதவாரியிலிருந்து நாள்வாரியாக மாற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிப்ரவரி மழை எல்லாம் பிப்ரவரி 10, 11, 12 ஆகிய மூன்று நாட்களில் மட்டும் பெய்திருந்தது. மார்ச்சிலும் அதே மூன்று நாட்கள். ஜூனிலும் அதே. பெரும்பாலான வருடங்களில் இதே கதை.

எங்களுக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பரில். 10-ஆம், 11-ஆம், 12-ஆம் மாதங்கள். மாதமும் நாளும் இடம் மாறியிருக்கின்றன என்பது அந்த நிமிடமே புரிந்தது. 2/11/2015 என்று அவள் அடித்தது நவம்பர் 2. ஷீட் அதை பிப்ரவரி 11 என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள்.

இதில் கொடுமையான பகுதி, 12-ஆம் தேதிக்குள் இருப்பவைதான் இப்படிப் புரளும். 13/11/2015 என்று அடித்தால் 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் ஷீட் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிழை என்று சிவப்புக் குறி எதுவும் வராது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். வரைபடம் போடும்போது எழுத்தாகக் கிடப்பவை சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். ஆக என் வரைபடத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள் மழை வேறு மாதங்களுக்குச் சிதறியிருந்தது; 13-க்கு மேல் பெய்தது அடியோடு காணோம். 11/11 போல நாளும் மாதமும் ஒன்றாக உள்ள தேதிகள் மட்டும் தப்பியிருந்தன.

உங்கள் அட்டவணையில் இது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தேதி நெடுவரிசையில் இடம், வலம், நடு என்று ஏதாவது சீரமைப்பு கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நெடுவரிசையின் வடிவத்தை 'எண்' என்று மாற்றுங்கள். தேதி உடனே ஐந்து இலக்க எண்ணாக மாறும். எழுத்து அப்படியே நிற்கும்.

அந்த ஐந்து இலக்க எண்தான் எக்செல்லும் கூகுள் ஷீட்டும் உள்ளே வைத்திருக்கும் உண்மையான தேதி. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாள் நாளாக எண்ணிக்கொண்டே வருகிறது எக்செல். 2023 டிசம்பர் 18 என்பது 45278. நேரம் என்பது அதன் பின்னம்: காலை 8.30 என்றால் ஒரு நாளில் 8.5-ஐ 24-ஆல் வகுத்த பங்கு, 0.354167. இந்த எண்ணிக்கையில் பழைய பிழை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1900 லீப் வருடம் கிடையாது, ஆனாலும் எக்செல் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருப்பதாகவே எண்ணும். அதற்கு முன்பு வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அப்படியே வைத்துக்கொண்டது. கூகுள் ஷீட் ஆரம்ப நாளையே 1899 டிசம்பர் 30-க்குத் தள்ளி வைத்து, 1900 மார்ச்சிலிருந்து எக்செல்லோடு சேர்ந்துகொள்கிறது. நம் காலத்துத் தேதிகளுக்கு இதனால் தொல்லை இல்லை.

திருத்தியதும் கெடுத்ததும்

திருத்தும் விதி சுலபமாகத்தான் தோன்றியது. எண்ணாக இருக்கும் கட்டத்தில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் புதுத் தேதி கட்டு. எழுத்தாக இருக்கும் கட்டத்தை சாய்கோட்டில் மூன்றாக உடைத்து, நாள், மாதம், ஆண்டு என்று எடுத்துக்கொள். இரண்டையும் ஒரே ஃபார்முலாவில் எழுதிப் பக்கத்து நெடுவரிசையில் இழுத்துவிட்டேன். மாசி மழை மறைந்தது. நவம்பர் ஓங்கி நின்றது. சந்தோஷத்தில் புதுத் தேதிப்படி மொத்த ஷீட்டையும் வரிசைப்படுத்தினேன்.

அங்கேதான் தவறு செய்தேன். 2009-க்குப் பிறகு சில பகுதிகளில் மாசி மழை இப்போது புதிதாக முளைத்திருந்தது. தங்கை மகளிடம் கேட்டேன். "மாமா, நடுவுல ஃபோன்ல தேதி தப்பா காட்டுதுன்னு செட்டிங்ஸை இந்தியான்னு மாத்தினேன். அப்புறம் லேப்டாப்புக்கு வேற ஃபைல் திறந்தேன், அதுல மாத்தினேனான்னு ஞாபகம் இல்ல" என்றாள். அதாவது சில பகுதிகள் ஏற்கெனவே சரியாக இருந்தன. அவற்றை என் ஃபார்முலா புரட்டிவிட்டது. எந்தப் பகுதி எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே சாட்சி அவள் அடித்த வரிசை. நோட்டில் உள்ளபடி ஒவ்வொரு நாளாக அடித்திருக்கிறாள். அடுத்த வரி என்றால் அடுத்த நாள். அந்த வரிசையைத்தான் நான் கலைத்துவிட்டேன்.

நல்லவேளையாக மூலக் கோப்பின் பிரதி இருந்தது. அதிலிருந்து மறுபடி தொடங்கியபோது முதல் வேலையாக இரண்டு நெடுவரிசைகள் சேர்த்தேன். ஒன்றில் 1, 2, 3 என்று வரிசை எண். இன்னொன்றில் அவள் அடித்தது அடித்தபடி, எழுத்தாக. இந்த இரண்டையும் கடைசி வரை தொடவில்லை. திருத்தம் எதுவானாலும் புது நெடுவரிசையில்தான். யாருக்காவது இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்துப் போக வேண்டும் என்றால் இதைத்தான் எடுத்துப் போகச் சொல்வேன்.

வரிசை கையில் இருந்ததும் வேலை தெளிவானது. ஒவ்வொரு வரியிலும் மேல் வரியின் தேதியைக் கழித்தால் 1 வர வேண்டும். ஒரு பகுதி முழுவதும் 1, 1, 1 என்று வந்தால் அது சரியாக இருக்கிறது. 30, 31 என்று குதித்தால் அங்கே மாதமும் நாளும் புரண்டிருக்கின்றன. அப்படிப் பார்த்ததில் புரண்ட பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரி எண்ணோடு கிடைத்தது.

அதற்கு மேல் இன்னொரு சாட்சியும் இருந்தது. அப்பா ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் கிழமையின் முதலெழுத்தை எழுதியிருந்தார்: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. தங்கை மகள் அதையும் விடாமல் அடித்திருந்தாள். திருத்திய தேதியிலிருந்து கிழமையை ஃபார்முலா மூலம் எடுத்து, அவர் எழுதியதோடு ஒப்பிட்டேன். தவறான தேதி ஒன்று தற்செயலாகச் சரியான கிழமையில் விழ ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், தனி வரியில் இது முழுச் சாட்சி ஆகாது. ஆனால் நூறு வரி சேர்ந்தால் பொய் சொல்லாது. எந்தக் கணினியையும் மனதில் வைக்காமல் ஒரு மனிதர் எழுதிய அந்த ஒற்றை எழுத்து, முப்பது வருடம் கழித்து ஒவ்வொரு தேதியையும் நிலைநிறுத்தியது.

பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற அட்டவணைக் கருவியை வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'நாள் முதலில்' என்று சொல்லும் தேர்வு அதில் இருக்கிறது. அது கண்டிப்பான கட்டளை கிடையாது. ஒத்துவராத தேதியை அது மாதம் முதலில் என்று மாற்றிப் படித்துவிடலாம். அதை நம்பாமல் நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவத்தை நாமே முழுதாக எழுதிக் கொடுத்து, பொருந்தாதவற்றை வெற்றாக விடச் சொல்லி, அந்த வெற்று வரிகளைக் கண்ணால் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி 17

1993 முதல் 1996 வரையான நோட்டுகளில் ஆங்கிலத் தேதியே கிடையாது. முதல் நோட்டின் அட்டையில் ஆங்கீரச வருஷம், அடுத்ததில் ஸ்ரீமுக, பிறகு பவ, யுவ, தாது. உள்ளே மார்கழி 20, ஐப்பசி 17 என்று போகிறது. முதலில் பார்த்தபோது மலைத்துப்போனேன். ஆனால் 'ஐப்பசி 17' என்பதை எந்த ஷீட்டும் தேதி என்று தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. எழுதியது எழுதியபடி முழுசாக இருந்தது.

இதற்கு ஃபார்முலா கிடையாது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்துத் தொடங்குகிறது. சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்தால் அன்றே மாதம் பிறக்கும். மறைந்த பிறகு வந்தால் மறுநாள். அதனால் மாதங்களின் நீளம் நிலையாக இருப்பதில்லை. மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடலாம், ஆனி 32 வரை நீளலாம். போதாததற்கு, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மாதப் பிறப்புகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும்.

நான் செய்தது ஒரு சின்ன அட்டவணை. நான்கு வருடத்துக்கும் ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் நாளும் ஆங்கிலத்தில் என்ன தேதி என்று, அப்பா ஆணியில் மாட்டி வைத்திருந்த பழைய வாக்கியப் பஞ்சாங்கங்களிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டேன். ஐம்பது வரிகூட வராது. பிறகு நோட்டிலுள்ள வருஷமும் மாதமும் எந்த வரியோ அதைத் தேடி எடுத்து, நாளைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் ஆங்கிலத் தேதி. வருஷப் பெயரை நேராக ஆங்கில ஆண்டாக மாற்றப் பார்த்தால் கால் இடறும். ஸ்ரீமுக வருஷம் 1993 ஏப்ரலில் பிறந்தது; அதன் மார்கழி நடுவிலேயே 1994 வந்துவிடும். அட்டவணையில் மாதப் பிறப்பை முழுத் தேதியாக வைத்திருந்ததால் அந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. இங்கேயும் கிழமைதான் காவல். எல்லா மாதத்திலும் கிழமை பொருந்தியது. அவர் வாக்கியப் பஞ்சாங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்பதும் அதில் உறுதியானது.

1996 வைகாசியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் 'இலங்கை மணி 8.30, நம்ம மணி 7.30' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். எங்கள் கரையோரத்தில் அன்று இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். அதில் நேரம் சொல்லும்போது கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது அவர் பழக்கம். அதுவரை இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 1996 மே 25 அன்று, மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அப்பா சில நாள் அது தெரியாமல் ரேடியோ எட்டரைக்கு மழைமானியைப் பார்த்திருக்கிறார். பிறகு பஸ் தவறிப்போனதில் தெரிந்து, திருநெல்வேலி வானொலிக்கு மாறிவிட்டார். இலங்கை அதே அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திரும்ப எடுத்தது; ஐந்தரைக்கே திரும்பி வந்தது 2006 ஏப்ரலில்.

அந்தச் சில வரிகளில் மழை அளவை நான் மாற்றவில்லை. 'ஒரு மணி நேரம் முன்னதாக அளந்தது' என்று குறிப்பு நெடுவரிசையில் எழுதினேன். நேரத்தோடு வேலை செய்யும்போது '+5.30' என்று மட்டும் எழுதி வைப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வித்தியாசம் ஊருக்கு மட்டும் உரியதில்லை, நாளுக்கும் உரியது. கணினிகளில் இருக்கும் நேரமண்டலப் பட்டியலில் ஆசியா/கொழும்பு என்ற பெயருக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் தேதியோடு பதிவாகி இருக்கின்றன. அதனால் மண்டலத்தின் பெயரைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

எந்த நாளின் மழை?

தேதிகள் எல்லாம் சரியாகிவிட்டன என்று நினைத்து, பக்கத்து அரசு மழைமானியின் தினசரி அளவுகளோடு ஒப்பிட்டேன். 2004-க்குப் பிறகு இரண்டும் அழகாகச் சேர்ந்து ஏறி இறங்கின. அதற்கு முன்பு சேரவே இல்லை. அப்பாவுடைய பெரிய மழைகள் எல்லாம் அரசுக் கணக்குக்கு ஒரு நாள் முன்னால் இருந்தன. அவருடைய தேதியை ஒரு நாள் பின்னுக்கும், ஒரு நாள் முன்னுக்கும் நகர்த்தி மூன்று விதமாகப் பார்த்தேன். பழைய வருடங்களுக்கு ஒரு நாள் கூட்டினால் கச்சிதமாகப் பொருந்தியது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30-க்கு 8.30. நேற்றுக் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். எட்டரை என்பது சும்மா வந்ததும் இல்லை. அது கிரீன்விச்சில் அதிகாலை மூன்று மணி. உலகம் முழுவதும் வானிலை நிலையங்கள் ஒரே சமயத்தில் அளவெடுக்கும் நேரங்களில் ஒன்று.

அப்பாவிடம் நோட்டை விரித்துக் காட்டிக் கேட்டேன். "ராத்திரி பெய்ஞ்ச மழை அந்த நாளு மழைதானல? விடிஞ்சாத்தானே மறுநாள்?" என்றார். அவர் சொல்வது முழுக்க நியாயம். பஞ்சாங்கக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில்தான். காலையில் அளந்தாலும் நேற்றைய மழை என்று நேற்றைய பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார். 2004-இல் உப்பள அலுவலகத்துக்கு அளவு அனுப்பச் சொன்னபோதுதான், அளந்த நாளின் தேதியைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மாறிய நாளும் நோட்டில் இருந்தது. ஒரு கோடு கிழித்து, 'இனி ஆபீஸ் தேதி' என்று எழுதியிருந்தார்.

இந்த ஒரு கேள்விக்கு என் அட்டவணையில் பதிலே இல்லாமல் இருந்ததைப் பார்த்தபோது மனசு கனத்தது. தேதி என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு விதமான நாட்கள் பத்து வருடம், இருபது வருடம் என்று கலந்து கிடந்தன. எந்த மென்பொருளும் இதைப் பிழை என்று சொல்லியிருக்காது. ஒவ்வொரு தேதியும் செல்லுபடியாகும் தேதிதான், கிழமையும் பொருந்தியது. எழுதியவரைக் கேட்காமல் இருந்திருந்தால் தெரியவே வந்திருக்காது. இப்போது 'நோட்டுத் தேதி', 'மழை நாள்' என்று இரண்டு நெடுவரிசைகள் வைத்திருக்கிறேன். கோட்டுக்கு முன்னால் உள்ளவற்றில் மழை நாள் என்பது நோட்டுத் தேதி கூட்டல் ஒன்று.

2000-ஆம் வருடத்து மழை

2022-இல் மாடியில் கவிழ் தொட்டி மழைமானி ஒன்றையும் வைத்தேன். 0.2 மில்லிமீட்டர் சேர்ந்ததும் சின்னத் தொட்டி ஒரு பக்கம் கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் மெமரி கார்டில் ஒரு வரி. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, அதற்கு ஒரு பட்டன் செல். கடிகாரத்தை யூடிசியில், அதாவது கிரீன்விச் நேரத்தில் வைத்து, நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக எழுதும்படி செய்திருந்தேன். 1702868400 என்று ஒரு வரி இருந்தால், அதை ஒரு நாளின் வினாடிகளான 86400-ஆல் வகுத்து, 1970 ஜனவரி 1-இன் எக்செல் எண்ணான 25569-ஐக் கூட்டினால் எக்செல் தேதி: 45278.125. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 2023 டிசம்பர் 18 காலை 8.30.

அந்த நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. அன்று காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது அந்த இரவில்தான். அரசுப் பட்டியலில் அது டிசம்பர் 18-இன் மழை. ஆனால் அந்த 24 மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இருக்கிறது. கவிழ் தொட்டி வரிகளைச் சாதாரண நாட்காட்டித் தேதிப்படி கூட்டினால் 17-இல் மலையாக நிற்கும். ஒப்பிட வேண்டுமானால் மழை நாளுக்கு மாற்ற வேண்டும். அதற்குச் சுருக்கமான வழி: யூடிசி நேரத்தோடு 21 மணி நேரத்தைக் கூட்டி, பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுப்பது. ஐந்தரை மணி நேரம் இந்திய நேரத்துக்கு, மீதிப் பதினைந்தரை எட்டரையை நள்ளிரவுக்குத் தள்ள.

வெட்டுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. பின்னங்களைக் கூட்டும்போது 45278 என்று வர வேண்டிய இடத்தில் 45277.9999999 என்று வந்து, வெட்டியதும் ஒரு நாள் குறைந்துவிடும். எனக்குச் சரியாக 8.30-க்கு விழுந்த கவிழ்ப்புகளில் இது நடந்தது. 86400-ஆல் பெருக்கி முழு வினாடியாக்கி, பிறகு வகுத்தால் தீர்ந்தது. வினாடிகளிலேயே எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு கடைசியில் தேதியாக்குவது இன்னும் நல்லது.

அந்த ஞாயிறு இரவு 9.52-க்குப் பிறகு கவிழ்ப்பு வரிகள் இல்லை. மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டது. 2024 ஜனவரி 8 அன்று ஊருக்குப் போய் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தால், பத்து இலக்க வினாடி எண்கள் திடீரென்று ஒன்பது இலக்கமாகச் சுருங்கி 946684800-ஐ ஒட்டித் தொடங்கியிருந்தன. அது 2000 ஜனவரி 1, நள்ளிரவு. பட்டன் செல் முன்பே செத்திருக்கிறது. மின்சாரமும் போனதும் கடிகாரச் சில்லு தன் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது. மின்சாரம் வந்ததும் அங்கிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது. வெள்ளத்துக்குப் பிந்தைய மழை எல்லாம் 2000-ஆம் வருடத்தில் பதிவாகிக் கிடந்தது.

கடிகாரத்தைத் திருத்தக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். திருத்திவிட்டால் பழைய வரிகளை மீட்க வழியில்லை. முதலில் கைப்பேசியையும் சில்லையும் பக்கத்தில் வைத்து நேரம் குறித்தேன். கைப்பேசியில் ஜனவரி 8 காலை 10.15, யூடிசியில் 4.45. சில்லில் 2000 ஜனவரி 18, 15.35. இரண்டையும் வினாடியாக்கிக் கழித்தால் 756479400. ஒன்பது இலக்க வரிகள் எல்லாவற்றிலும் இந்த எண்ணைக் கூட்டினேன்.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. 946684800-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் சில்லு விழித்த நொடி கிடைக்கும்: 2023 டிசம்பர் 21, இந்திய நேரம் மாலை 6.40. அம்மாவிடம் எதையும் சொல்லாமல், தெருவுக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டேன். "வியாழக்கெழம சாயங்காலம்பா. விளக்கு வைக்கப் போனேன், லைட்டு எரிஞ்சுது" என்றாள். டிசம்பர் 21 வியாழக்கிழமைதான்.

காலிக் கட்டங்கள்

1993 முதல் 2022 வரை மொத்தம் 10,957 நாட்கள். அட்டவணையில் 10,911 வரிகள்தான் இருந்தன. முழு நாட்களையும் ஒரு தனி நெடுவரிசையில் அடுக்கி, மழை அளவை அதன் பக்கத்தில் தேடி ஒட்டினேன். ஒட்டாத இடங்கள் தெரிந்தன: அத்தை வீட்டுக் கல்யாணம், அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, ஒரு முறை மழைமானியே உடைந்தது. இரண்டு நாட்கள் இரு முறை அடிக்கப்பட்டிருந்தன. அவற்றை நோட்டைப் பார்த்து நீக்கினேன். விடுபட்ட நாட்களில் சுழியம் போடவில்லை. சுழியம் என்றால் பார்த்தார், மழை இல்லை. காலி என்றால் பார்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் சராசரி பொய்யாகிவிடும்.

இப்போது கோப்பில் தேதி எல்லாம் 2023-12-18 என்ற ஐஎஸ்ஓ 8601 சர்வதேசத் தர வடிவத்தில் இருக்கிறது. ஆண்டு முன்னால் வருவதால் எந்த ஊர் அமைப்பிலும் மாதமும் நாளும் புரளாது. எழுத்தாகக் கிடந்தாலும் சரியாக வரிசைப்படும்.

புது வரைபடத்தை அப்பாவுக்குக் காட்டினேன். மாசியில் கம்பம் தரையோடு தரையாக இருந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் எங்கே என்று விரலால் தேடிப் பிடித்தார். பிறகு 2023-ஐப் பார்க்கக் கேட்டார். டிசம்பர் 18 வரியில் மழை அளவு காலியாக இருந்தது. அன்று காலை மாடிக்கு ஏறியபோது மழைமானி வழிந்துகொண்டிருந்தது என்றும், எவ்வளவு வழிந்தது என்று யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். கவிழ் தொட்டியும் பாதி ராத்திரிக்கு முன்பே நின்றுவிட்டதால் அதிலிருந்தும் அந்த நாளை நிரப்ப முடியாது. பக்கத்து ஊரின் 95-ஐ எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். "அது அவங்க ஊரு மழைல" என்றார். குறிப்பு நெடுவரிசையில் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'பாத்திரம் நிரம்பி வழிந்தது. அளக்க முடியவில்லை.'

கடிகாரத்துக்குப் புது பட்டன் செல் போட்டாகிவிட்டது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், சிஆர்2032.